வலது பக்கத்து நாற்காலி

ஜூலை 10, புதன்

வெள்ளிக்கிழமை குற்றாலம் போகிறோம். வேட்டி, சட்டை, முழங்கால் பட்டை, தைலம் எல்லாம் பெட்டியில் வைத்தாயிற்று. வீட்டுக்காரி உலகு ஒரு பட்டுப்புடவையை வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். சாரலில் பட்டு எதற்கு என்றேன். "கச்சேரிக்குக் கட்டாம வேற எதுக்குக் கட்டுவாக?" என்றாள். சரிதான்.

தென்காசி ரசிகர்கள் சிலர் சேர்ந்து வருடா வருடம் நடத்துகிற சாரல் கச்சேரி இது. மூன்று மாலை, மூன்று கச்சேரி. விடியற்காலையில் விருப்பமுள்ளவர்கள் ஐந்தருவி வரை சேர்ந்து நடக்கலாம் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். நடை எனக்கு ஒத்துவராது. முழங்கால் விடாது. நான் போவது பாட்டுக்காக.

மின்வாரியத்தில் இருந்த காலம் முழுக்க எனக்கு வேலை துணை மின்நிலையங்களில்தான். "சுருதி சேர்க்க நான் கத்துக்கிட்டது டிரான்ஸ்பார்மர்கிட்ட" என்று சொன்னால் பாளையங்கோட்டையில் சிரிப்பார்கள். ஆனால் வித்வான் ராகத்தை ஆரம்பித்து வாய் மூடுவதற்குள் பெயர் சொல்லிவிடுகிற ஆள் நம் ஊரில் நான் ஒருவன்தான். ராக நயினார் என்று எனக்குப் பெயர் வந்தது சும்மா வரவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் நெல்லையப்பர் கோயிலில் நவராத்திரிக் கச்சேரி. உலகு என் வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். மெதுவாகச் சாய்ந்து, "இது என்ன ராகம்?" என்று கேட்டாள். சொன்னேன். "ஓ" என்றாள். அன்றிலிருந்து இந்த முப்பத்தாறு வருடத்தில் எந்தக் கச்சேரியிலும் வலது பக்கம் அவள்தான். ஒவ்வொரு ராகத்துக்கும் கேள்வியும் உண்டு, பதிலும் உண்டு, "ஓ"வும் உண்டு.

பொங்கலுக்குப் பிறகு அவள் கேட்பதில்லை. பங்குனி உத்திரத்தில் ஒரு பெரிய கச்சேரி முழுக்க உட்கார்ந்திருந்தோம், ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் அதற்காக நான் ஏங்குகிறேன் என்று ஆகிவிடும்.

ஏங்கத்தான் செய்கிறேன். டைரியில் சொல்வதற்கென்ன.

பெங்களூரிலிருந்து காந்திமதி போன் செய்தாள். "அப்பா, ஏன் இப்படிக் கத்துதிய? போன்லதான பேசுதிய, மொட்டமாடியில இருந்தா கூப்பிடுதிய?" என்றாள். பெற்ற மகளிடம் வாய் திறந்து பேசினால் அது கத்துவதாம். வைத்துவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

வந்து சேர்ந்தோம். ஐந்தருவிச் சாலையில் லாட்ஜ், மாடியில் அறை. சாரல் விட்டுவிட்டு அடிக்கிறது. முன்பெல்லாம் இந்தச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே அருவிச் சத்தம் வந்து வரவேற்கும். இன்று ஒன்றையும் காணோம். இந்த வருடம் சீசன் மட்டம் போலிருக்கிறது. ஆனால் லாட்ஜ்காரர், தண்ணீர் அதிகமென்று பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்கத் தடை போட்டிருப்பதாகச் சொன்னார். போலீஸ்காரர்களுக்கு வேறு வேலை இல்லை.

கச்சேரி பக்கத்துக் கல்யாண மண்டபத்தில். மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. உலகு வழக்கம்போல் என் வலது பக்கம். அவளுக்கு அந்தப் பக்கம் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ராஜபாளையத்துக்காரர், பெயர் திருப்பதி ராஜா. நூற்பாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறி நாலைந்து வருடமாகிறதாம். எழுபது வயதிருக்கும். அந்த வயதில் காதை மூடுகிற அளவுக்கு முடி வளர்த்து, அதற்கு மேல் ஒரு மப்ளர். மண்டபத்துக்குள் வந்ததும் மப்ளரைக் கழற்றி மடியில் மடித்து வைத்தார். "வணக்கம் தங்கச்சி" என்றார் உலகிடம். வந்து உட்காரவில்லை, அதற்குள் தங்கச்சி.

நாகர்கோவில் வித்வான் பாடினார். நல்ல சாரீரம். மைக் செட்காரன்தான் சரியில்லை, தம்புரா இருக்கிற சுவடே தெரியவில்லை. நான் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது ராகம் ஆரம்பித்ததும் ஓரக்கண்ணில் தெரிந்தது, உலகின் உதடு அசைந்தது. கொஞ்சம் பொறுத்து ராஜா அவள் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

அடுத்த ராகத்திலும் அதே கதை. அவள் உதடு அசைகிறது, ராஜா சொல்கிறார், அவள் ஆட்டுகிறாள்.

ஆக அவள் கேட்பதை விடவில்லை. ஆளைத்தான் மாற்றிவிட்டாள்.

இதை எழுதும்போது என் கையெழுத்தே எனக்குப் பிடிக்கவில்லை. கோணலாகப் போகிறது. அறுபத்து நாலு வயதில் ஒருவனுக்கு வரக்கூடிய எரிச்சலா இது? வருகிறது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இடியாப்பமும் சொதியும். எதிரே ராஜா. எல்லோரும் கேட்கட்டும் என்றே, இன்றைய ஆரபி பிரமாதம் என்றேன். பந்தி சட்டென்று அடங்கியது. சங்கரன்கோவிலிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர், "சார், அது தேவகாந்தாரி இல்லையா?" என்றார். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடையுள்ள ராகங்கள்தான். ஆனால் குழம்புகிற ஆள் நானல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படிப்படியாக எடுத்துச் சொல்லி அவர் வாயை அடைத்தேன். ராஜா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உலகு மட்டும் நான் கேட்காமலே என் இலைக்கு இன்னும் கொஞ்சம் சொதி விடச் சொன்னாள்.

ஜூலை 13, சனி

செல்போனில் அலாரம் வைத்திருந்தேன், அடிக்கவில்லை. போனும் மைக் செட்காரனுக்குச் சொந்தம் போல. கண் விழித்தபோது உலகு படுக்கையில் இல்லை. நடைக்குப் போயிருக்கிறாள். பல் தேய்த்துவிட்டு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சாலை ஈரமாகப் பளபளத்தது. மரத்தில் ஏதோ பறவைகள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

போனவர்கள் கூட்டமாகத் திரும்பினார்கள். முதலில் சங்கரன்கோவில்காரர், பிறகு தென்காசிப் பெண்கள் நாலைந்து பேர். கூட்டம் எல்லாம் வந்து, காப்பியும் குடித்து முடித்தபிறகு, சாலை வளைவில் ஒரு குடை தெரிந்தது. ஒரே குடை. கீழே உலகும் ராஜாவும். குடையைப் பிடித்திருந்தது உலகு. அவன் மப்ளரைக் காதோடு இறுக்கிச் சுற்றிக்கொண்டு, அதற்கு மேல் கையையும் வைத்துக்கொண்டு நடந்து வந்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் தலையில் பட்டால் கரைந்துவிடுவான் போல.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"அவுக மெதுவா நடக்காக. பேசிக்கிட்டே வந்தோம்."

"என்ன பேசினிய?"

"சும்மா. அவுக மில்லு, அவுக வீட்டுக்காரி, இந்த மாதிரி."

பையிலிருந்து மங்குஸ்தான் பழங்களை எடுத்து வைத்தாள். ராஜா வாங்கிக் கொடுத்ததாம். நான் தொடவில்லை. எனக்கு மங்குஸ்தான் உயிர் என்பது அவளுக்குத் தெரியும். "ஒண்ணு சாப்பிடுங்களேன்" என்று உரித்து வெள்ளைச் சுளையை நீட்டினாள். வயிறு சரியில்லை என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் குளிக்கப் போய்விட்டாள். போனதும் ஒரு பழத்தை எடுத்துத் தின்றேன். நல்ல இனிப்பு. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது.

மாலை புல்லாங்குழல். பெரிய வித்வான் என்கிறார்கள். அவர் வாசித்ததில் பாதி வெறும் காற்று. விரல் ஓடுகிறது, தலை ஆடுகிறது, மேல் ஸ்தாயிக்குப் போனால் ஒன்றுமே வருவதில்லை. ஆனால் சுற்றி எல்லோரும் உச்சுக் கொட்டுகிறார்கள். பொறுக்க முடியாமல் நானே எழுந்து போய் மைக் செட்காரனிடம் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். "கூட்டினா தாங்காது அண்ணாச்சி" என்றான். கூட்டித்தான் பாரேன் என்றேன். கூட்டினான். முன்வரிசையில் இரண்டு பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், மேடையிலிருந்து வித்வானே கையைக் காட்டினார். குறைத்துவிட்டான். காசு வாங்குகிற வேலையை ஒழுங்காகச் செய்ய ஆளில்லை.

திரும்பி வந்து உட்காரும்போது, உலகும் ராஜாவும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள்.

பொறாமை என்று வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். ஆனால் அதுதான். இந்த ஊரில் எத்தனை பேர் குடை பிடித்து நடக்கட்டும், எனக்கென்ன. அந்தக் கேள்வி என்னுடையது. "இது என்ன ராகம்?" என்பது வேறு ஒருவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியே அல்ல.

ஜூலை 14, ஞாயிறு, மதியம்

இன்று நானும் போனேன். அவர்களோடு அல்ல, பின்னால்.

உலகு எழுந்தபோது தூங்குவதுபோல் கிடந்தேன். அவள் என் தலைமாட்டில் கொஞ்சம் நின்றாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போனாள். முழங்கால் பட்டையை மாட்டினேன். குடை எடுத்துக்கொள்ளவில்லை, குடை பிடித்துக்கொண்டு யாரும் ஒளிந்து போக முடியாது. மேல்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நடந்தேன். முப்பத்தாறு வருடம் குடித்தனம் நடத்திய பெண்டாட்டியைத் துண்டு போட்டுக்கொண்டு பின்தொடர்கிற மின்வாரிய அதிகாரி. மகள் பார்த்தால் என்ன சொல்வாள்.

பாதி வழியில் ஒரு டீக்கடை. கூட்டம் அருவியைப் பார்த்துப் போய்விட்டது, அவர்கள் இருவரும் கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் எதிர்ப்பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் கடையின் மூடிய தட்டிக்குப் பின்னால் நின்றேன். சாரல் முதுகெல்லாம் நனைத்தது.

ராஜா மப்ளரைக் கழற்றினான். கையை முடிக்குள் விட்டுக் கோதினான். பிறகு உள்ளங்கையில் எதையோ வைத்து உலகிடம் நீட்டினான். சின்னப் பொருள், விரல் நுனியளவு. அவள் அதை இரண்டு விரலால் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏதோ கேட்டாள், அவன் சொன்னான். அப்புறம் அவள் செய்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அந்தச் சின்னப் பொருளைத் தன் காதோரம் வைத்துப் பார்த்தாள்.

கம்மல்.

செத்துப்போன மனைவியின் கம்மலாக இருக்கும். வேறென்ன? என் பெண்டாட்டி நடுரோட்டில் உட்கார்ந்து அடுத்தவன் கொடுத்த கம்மலைக் காதில் வைத்து அழகு பார்க்கிறாள். பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் வாங்கிக் கொடுத்த எந்த நகைக்கும் அவள் அழுததில்லை.

எப்படித் திரும்பி நடந்தேன் என்று தெரியவில்லை. வழியில் ஒரு வேன்காரன் என்னை உரசினாற்போல் வந்து நிறுத்தித் திட்டினான். "ஏம்வே, எம்புட்டு ஹாரன் அடிக்கேன், ஒதுங்க மாட்டீரா?" பொய். ஹாரன் எங்கே அடித்தான்?

மதியச் சாப்பாடு கூட்டாஞ்சோறு. உலகு எதிரே உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டு முடிகிற வரை அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய எட்டுக்கல் தோடுதான் கிடந்தது.

"எங் காதுல அப்படி என்னத்தப் பாக்கிய?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"காலையில எங்க போனிய? சட்டையெல்லாம் நனைஞ்சு கெடக்கு."

"வராந்தாவுல சாரல்."

அவள் சோற்றை அளைந்தபடி, "சாயங்காலம் பேசணும் உங்ககிட்ட" என்றாள். பேசட்டும். முதலில் கச்சேரி முடியட்டும். மண்டபத்தில் நாலு பேருக்கு முன்னால் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அதே நாள், இரவு

எழுதியே ஆக வேண்டும். கேட்டாள்!

நடந்தது இதுதான். மண்டபத்தில் ராஜா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இடது பக்கம் உலகுக்கு ஒரு நாற்காலி, அடுத்து எனக்கு. உலகு பட்டுப்புடவை கட்டியிருந்தாள். வந்தவள் தன் நாற்காலிக்குப் போகவில்லை. என்னைத் தாண்டி வந்து என் இடது பக்கம் உட்கார்ந்தாள். முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக இடது பக்கம். ராஜாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு காலி நாற்காலி. அவன் அதில் தன் மப்ளரை வைத்தான். சண்டை போட்டுவிட்டாள், கம்மலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல குடும்பத்துப் பெண் அல்லவா.

சென்னையிலிருந்து வந்த பாடகி, சின்ன வயது. நடுக் கச்சேரியில் ஒரு ராகம் எடுத்தாள். உருக்கமாக, ஆற அமர. அப்போது இடது பக்கத்திலிருந்து, காதுக்குள்ளேயே சொன்னதுபோல்:

"இது என்ன ராகம்?"

ஒரு கணம் பாட்டே நின்றுபோனதுபோல் இருந்தது. "துவிஜாவந்தி" என்றேன். ராஜாவுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் பலமாகவே சொன்னேன்.

"ஓ" என்றாள் உலகு. என் கை மேல் கை வைத்தாள்.

அதற்குப் பிறகு நான் மண்டபத்தில் இல்லை, மண்டபத்துக்கு மேலே எங்கேயோ இருந்தேன். பாடகி அந்த ராகத்தில் நீண்ட கீர்த்தனை பாடி முடித்தாள். கைதட்டல். கடைசிப் பகுதியில் ரசிகர்கள் துண்டுச் சீட்டில் எழுதிப் பாட்டுக் கேட்பது உண்டு. வரிசை வரிசையாகக் கைமாறி மேடைக்குப் போகும். என் சந்தோஷத்துக்கு எனக்கும் ஒன்று கேட்கத் தோன்றியது. துவிஜாவந்திக்கு ஒரு கூடப்பிறந்தவள் உண்டு, சஹானா. இரண்டையும் ஒரே மேடையில் அடுத்தடுத்துப் பாடவைத்து, வித்தியாசம் இதுதான் என்று காட்டினால் அந்தத் தேவகாந்தாரிப் பேராசிரியருக்கும் ஒரு பாடம். அழைப்பிதழின் ஓரத்தைக் கிழித்து, "சஹானா ராகத்தில் ஒரு பாடல் பாட வேண்டுகிறேன். ஆ. நயினார், பாளையங்கோட்டை" என்று எழுதினேன். எழுதும்போது உலகு ஹேண்ட்பேக்கில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சீட்டை ராஜாவிடம் நீட்டினேன், அவன் பார்த்தால்தானே திருப்தி. படித்தான். முன்வரிசைக்குக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைத் தாண்டி உலகைப் பார்த்தான். அவ்வளவு வயிற்றெரிச்சல் அவனுக்கு. வெடுக்கென்று பிடுங்கி நானே முன்னால் கொடுத்தேன். கைமாறுகிற சீட்டைப் படிக்காமல் யாரும் அனுப்புவதில்லை. படித்த ஒவ்வொருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலையை லேசாக அசைத்து ஏற்றுக்கொண்டேன்.

பாடகி சீட்டை வாங்கிப் படித்தாள். சிரித்தாள். மைக்கில் ஏதோ சொன்னாள், வழக்கம்போல் மைக் தெளிவில்லை. மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சஹானா பாடவில்லை, வேறு ஏதோ துக்கடா பாடி மங்களத்துக்குப் போய்விட்டாள்.

"என்ன சொன்னா?" என்று உலகிடம் கேட்டேன். "நேரமாயிட்டாம்" என்றாள். அவள் முகம் சரியாக இல்லை. என் கையை மட்டும் விடவில்லை.

சாயங்காலம் பேச வேண்டும் என்றவள் இன்னும் பேசவில்லை. "காலையில என்கூட நடக்க வருவியளா?" என்று கேட்டாள். முழங்கால் கிடக்கட்டும், வருகிறேன் என்றேன். ராஜா தோற்றான்.

ஜூலை 15, திங்கள்

பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிட்டோம். எப்படி எழுதுவதென்று தெரியாமல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் நாங்கள் இருவர் மட்டும் நடந்தோம். இன்றும் அவள் என் இடது பக்கம்தான் நடந்தாள். டீக்கடையில் நிறுத்தவில்லை. ஐந்தருவியில் கயிறு கட்டிப் போலீஸ்காரர் நின்றார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

ஐந்து அருவியைக் காணோம். ஐந்தும் சேர்ந்து ஒரே அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அத்தனை தண்ணீரை நான் என் வயதில் அங்கே பார்த்ததில்லை. காற்று அடித்த அடியில் முகம், சட்டை எல்லாம் நனைந்தது. பக்கத்தில் ஒரு கைக்குழந்தை பயந்து அழுதது, அதன் அம்மா காதைப் பொத்திவிட்டாள். எனக்கோ அந்தச் சத்தம் அடுத்த வீட்டில் ஓடுகிற டி.வி. மாதிரி இருந்தது.

நேற்றுவரை சீசன் மட்டம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

உலகு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான்தான் பேசினேன், அதுவும் வேறு எதையோ. மனதில் இருந்தது அதுதான்.

"பொங்கலுக்கு அப்புறம் எங்கிட்ட நீ ஏன் ராகம் கேக்கத நிறுத்துன?"

"நான் எங்க நிறுத்துனேன்?" என்றாள். "கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். நீங்கதான் பதில் சொல்லுதத நிறுத்திட்டிய."

நான் அவள் வாயையே பார்த்தேன்.

"நான் கேப்பேன். நீங்க நேரா மேடையவே பாத்துக்கிட்டு இருப்பிய, சுவர் மாதிரி. எம் மேல என்ன கோவமோன்னு இருந்துச்சு. என்ன தப்பு செஞ்சேன்னு ஒவ்வொண்ணா யோசிச்சுப் பாத்தேன். பங்குனி உத்திரத்துல பாடுனாளே ஒருத்தி, அவளையே பாத்துக்கிட்டு இருந்திய. எனக்கு அவ மேல அப்படி ஒரு எரிச்சல். வீட்டுக்கு வந்து கதவச் சாத்திக்கிட்டு அழுதேன், தெரியுமா?"

தெரியாது. அடுத்த அறையில் அழுதிருக்கிறாள். தெரியாது.

வெள்ளிக்கிழமையும் என்னிடம்தான் கேட்டிருக்கிறாள். நான் சும்மா இருக்கவே, பாவமாகி ராஜா பதில் சொல்லியிருக்கிறார். மறுநாள் குடைக்குள் நடக்கும்போது அவரே மெதுவாக ஆரம்பித்தாராம். "தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. சாருக்கு வலது காது கேக்கலைன்னு நினைக்கிறேன். மில்லுல எனக்குப் போச்சு, அதனால தெரியும். நான் ஒத்துக்கவே மூணு வருஷமாச்சு. அதுக்குள்ள என் வீட்டுக்காரி பேசறதையே விட்டுட்டா. நான் மிஷின் வச்சப்ப அவ இல்ல." புல்லாங்குழல் அன்று மைக் செட்காரனிடம் நான் போய் நின்றதைப் பார்த்தபிறகுதான் உலகுக்கு அது உறைத்திருக்கிறது. அதனால்தான் இடது பக்கம். டீக்கடையில் அவள் காதோரம் வைத்துப் பார்த்தது அவர் காதிலிருந்து கழற்றிக் கொடுத்த மிஷினை. நனையக் கூடாது என்றுதான் அந்த மப்ளர்.

கம்மல் என்று நினைத்ததை அவளிடம் சொன்னேன். சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். போலீஸ்காரர் தள்ளி நிற்கச் சொன்னார்.

"நேத்து அந்தப் பொண்ணு மைக்குல என்ன சொன்னா?"

சிரிப்பு நின்றது. "வேண்டாம் விடுங்க."

"சொல்லு."

"'சஹானா கேட்டிருக்கீங்க. இப்பதான் அரை மணி நேரம் பாடினேன், அத்தனை மோசமாவா இருந்தது?'ன்னா."

அருவியை விட்டுக் கொஞ்சம் தள்ளி வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தேன். சீட்டைப் படித்து ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்த முகங்கள் வரிசையாக வந்தன. நான் தலையை வேறு அசைத்தேன். ராஜா அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கொடுக்காமல் இருந்தது நினைவுக்கு வந்தது. பேராசிரியரின் தேவகாந்தாரியும் நினைவுக்கு வந்தது. ராக நயினார்!

உலகும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அது சஹானான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படி?"

"முப்பத்தாறு வருஷமா சொல்லிக் கொடுத்திருக்கிய. தெரியாமப் போகுமா?"

"பின்னே நான் துவிஜாவந்தின்னப்ப ஏன் 'ஓ'ன்ன?"

அவள் முந்தானையால் என் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டாள். "அம்புட்டு மாசம் கழிச்சு ஒரு பதில் சொல்லுதிய. அதுல போயி சரி தப்புப் பாப்பேனா?"

லாட்ஜுக்குத் திரும்பினபோது ராஜா பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். அவர் என் இடது பக்கம் வந்து நடந்தார். ஏறும்போது, "தள்ளிப் போடாதீங்க சார்" என்றார். சரி என்றேன்.

நல்ல மனிதர். இருந்தாலும் இரண்டு நாள் என் கேள்விக்கு அவர் பதில் சொன்னாரே, அது இன்னும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

ஜூலை 17, புதன்

காந்திமதியிடம் உலகு சொல்லிவிட்டாள். அவள் போனில் அழுதாளாம். அழ என்ன இருக்கிறது. சனிக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறார்கள்.

ஜூலை 20, சனி

கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு அறையில் உட்காரவைத்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். ஒன்றுமே கேட்காத இடங்களில் பார்த்து ஊகமாக இரண்டு தடவை அமுக்கினேன். உள்ளே இருந்த பெண் கண்டுபிடித்துவிட்டாள். "சும்மா அமுக்காதீங்க சார்" என்று சிரித்தாள்.

இரண்டு காதிலும் குறை, வலதில் ரொம்ப. கீழ் ஸ்தாயியைவிட மேல் ஸ்தாயிதான் முதலில் போகுமாம். டிரான்ஸ்பார்மர் என்னிடம் பேசினதற்குக் கூலி. ஒரு வாரம் போட்டுப் பழகிப் பாருங்கள் என்று இரண்டு மிஷினைக் கொடுத்தார்கள். ராஜாவுடையதைவிடச் சின்னதாக வேண்டும் என்று கேட்டேன். எந்த ராஜா என்றாள் அந்தப் பெண். உலகு என்னைக் கிள்ளினாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே இரைச்சல். ஆட்டோ, செருப்பு, செய்தித்தாள் புரட்டுகிற சத்தம், என் மூச்சு. கழற்றி எறியலாமா என்று வந்தது. ஹாலில் வந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடுப்படியில் குக்கர் புஸ்ஸென்று ஆவி விட்டது. பாத்திரம் உருண்டது. அதற்குள்ளிருந்து வேறொன்று, மெல்லியதாக. முதலில் ரேடியோ என்று நினைத்தேன். நம் வீட்டில் ரேடியோ இல்லை.

உலகு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வார்த்தை இல்லாமல், அந்தப் பாடகி ஞாயிற்றுக்கிழமை பாடியதை. சுருதி விலகவில்லை. எத்தனை மாதமாக, எத்தனை வருடமாக இப்படிப் பாடிக்கொண்டு சமைக்கிறாளோ. அந்தக் குக்கர் கேட்டிருக்கிறது. மிக்ஸி கேட்டிருக்கிறது. பால் கொண்டுவருகிறவர்கூடக் கேட்டிருப்பார். எல்லார் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

எழுந்து போய் அடுப்படி வாசலில் நின்றேன். எனக்குத் தெரியும், சஹானா. இந்தத் தடவை தப்பே கிடையாது. ஆனாலும் கேட்டேன்.

"உலகு, இது என்ன ராகம்?"

பாட்டு நின்றது. அவள் திரும்பவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடியே, எனக்குச் சொல்வதுபோல் அல்லாமல், ரொம்ப மெதுவாக,

"கேக்குதா?" என்றாள்.

கேட்டது.